கடைக்குக் கேதம் கேட்டவர்

அவள் என்று எழுதத்தான் கை போகிறது. என்னைவிட மூத்தவர் என்பதால் மரியாதைக்கு ‘அவர்’ என்று எழுதுகிறேன். மரியாதை எழுத்தில் மட்டும்தான், மனசில் இருப்பது பொறாமை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் அசிங்கம்.

எங்கள் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், காரியமெல்லாம் முடிந்த பிறகும் தெரிந்தவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். கேதம் கேட்பது என்று அதற்குப் பெயர். வருகிறவர்கள் பெரிதாக ஒன்றும் செய்ய மாட்டார்கள். ‘எப்படி ஆச்சு?’ என்பார்கள். வீட்டுக்காரர்கள் ஏற்கெனவே ஊருக்கெல்லாம் சொன்ன கதையை மறுபடி முதலிலிருந்து சொல்லி அழுவார்கள். வந்தவர் கேட்டுக்கொண்டிருப்பார். அவரும் இதைத்தான் செய்தார். ஆனால் அவர் போனது மூடிய கடைகளுக்கு. யாராவது ஒரு தொழிலை ஆரம்பித்து, ஓடாமல் இழுத்து மூடினால், பஸ் ஏறிப் போய் அந்த வீட்டில் உட்கார்ந்து கேதம் கேட்டுவிட்டு வருவார்.

இப்போது அவர் இந்தப் பக்கம் இல்லை. மகளோடு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார், நம்பரும் மாறிவிட்டது. போய்ச் சில வருஷமாகியும் எனக்கு வயிற்றெரிச்சல் குறையவில்லை.

நான் சின்னமனூரில் முறுக்கும் சீடையும் அதிரசமும் போட்டு விற்கிறேன். முன்னால் கடை சின்னது, பின்னால் அடுப்படி பெரியது. கூரியரில் சென்னை, பெங்களூர் வரைக்கும் சரக்கு போகிறது. தொழில் ஒரு நிலைக்கு வந்ததும் ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தேன். கம்பத்திலிருந்து தேனி வரைக்கும் சொந்தமாகத் தொழில் செய்கிறவர்களும், செய்ய ஆசைப்படுகிறவர்களும் அதில் சேர்ந்தார்கள். இட்லி மாவு அரைத்து விற்கிற பெண்கூட தன் பெயருக்குப் பக்கத்தில் ‘ஃபவுண்டர்’ என்று போட்டுக்கொண்டாள். போடச் சொன்னதே நான்தான். மைண்ட்செட், பிராண்டிங், கம்ஃபர்ட் ஸோன் என்று யூடியூபில் கேட்டதை எல்லாம் எங்கள் ஊர்ப் பேச்சில் உடைத்துச் சொல்வேன். யார் சந்தேகம் கேட்டாலும் பதில் என்னிடமிருந்துதான் போகும். அந்தக் குழு என் கையால் பிசைந்த மாவு.

தினமும் காலை ஐந்து மணிக்கு ஒரு பதிவு போடுவேன். ‘வெற்றியாளர்கள் ஐந்து மணிக்கு எழுகிறார்கள்’ என்று முதல் நாள் எழுதியதற்கு, கம்பத்துப் பெண் ஒருத்தி குரல் பதிவு அனுப்பினாள்.

“ஏன்க்கா, அஞ்சு மணி வரைக்கும் தூங்குனா ஏலத்தோட்டத்து ஜீப்ப யாரு புடிக்கிறது? நாங்க சோறு பொங்கி, தூக்குல அடைச்சு, ஜீப்புல ஏறி உக்காந்தாச்சு. வெற்றியாளருக எல்லாம் இங்கனதான் நெருக்கிக்கிட்டுக் கெடக்கோம்.”

பின்னால் ஜீப் சத்தமும் பெண்களின் சிரிப்பும் கேட்டது. மறுநாளிலிருந்து என் பதிவை நாலு மணிக்கு மாற்றிக்கொண்டேன். விடுவேனா?

யாராவது கடை திறந்தால் குழு அன்றைக்குத் திருவிழாதான். பூங்கொத்து, பட்டாசு, கைதட்டுகிற பொம்மை என்று செல்போன் சூடாகிவிடும். மூடுகிறவர்கள் மட்டும் சத்தமில்லாமல் குழுவை விட்டு வெளியேறிவிடுவார்கள். இன்னார் வெளியேறினார் என்று ஒரு வரி வரும், அதன் மேல் அடுத்த திறப்பு விழாவின் பூங்கொத்து விழும். அதில் எனக்கு ஒரு தப்பும் தெரிந்ததில்லை. ஓட்டப் பந்தயத்தில் உட்கார்ந்தவனை யார் பார்த்துக்கொண்டிருக்க முடியும்?

அவர் அனுமந்தன்பட்டிப் பக்கம். வேதக்காரக் குடும்பம், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஒரு பள்ளிக்கூடத்து ஆபீஸில் வேலை பார்த்தார். எப்படிக் குழுவுக்குள் வந்தார், யார் சேர்த்தது என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. வந்து ரொம்ப நாள் ஒரு வரி எழுதவில்லை. அப்புறம் ஒருநாள் தேனியில் பழச்சாறு கடை வைத்திருந்த ஒருவர், “கடையை மூடிவிட்டேன், இதுவரை ஆதரவு தந்த அனைவருக்கும் நன்றி” என்று எழுதினார். நான் உடனே ‘விழுவது தோல்வி இல்லை, எழாமல் இருப்பதுதான் தோல்வி’ என்று போட்டேன். வரிசையாகக் கும்பிடு பொம்மைகள் வந்தன. அதற்குக் கீழே அவர் முதல்முறையாக எழுதினார்.

“எந்தத் தெரு?”

அவ்வளவுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராகத் தேனிக்குப் போய்விட்டார். பழச்சாறு கடைக்காரர் குழுவை விட்டுப் போகவில்லை. “அக்கா வந்தாக, உக்காந்து பேசிட்டுப் போனாக, மனசு லேசா இருக்கு” என்று எழுதினார். அதற்கு வந்த இதயங்களை என் பதிவுகளுக்கு வந்தவற்றோடு நான் ஒப்பிட்டுப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

நேரில் அவரை முதலில் பார்த்தது ஓடைப்பட்டியில். அங்கே ஒரு பெண் விதையில்லாத் திராட்சையைக் காயவைத்துக் கிஸ்மிஸ் பழம் செய்து விற்றுக்கொண்டிருந்தாள். அவள் கதையை நான் குழுவில் பல தடவை உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன். மழை வந்து பழமெல்லாம் பூஞ்சை பிடித்து, தொழிலையே விட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டதும் நானும் புறப்பட்டுப் போனேன். பையில் சோலார் டிரையர் மானியம் பற்றிய தாள்கள் வைத்திருந்தேன். நான் போனபோது அவர் ஏற்கெனவே வந்து, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். கறுத்த, சதைப்பிடிப்பான உடம்பு. முந்தானையை இடுப்பைச் சுற்றி இழுத்துச் செருகியிருந்தார். எழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரியேதான் முகம்.

“எப்பத்தா ஆச்சு?” என்று கேட்டார்.

“ஐப்பசி அடைமழையிலக்கா.”

“முந்துன நாளு நல்லாத்தான இருந்துச்சு?”

“நல்லாத்தான்க்கா இருந்துச்சு. தட்டுத் தட்டா காஞ்சு, நிறங்கூட நல்லா வந்துருந்துச்சு. நாளைக்கு எடுத்துரலாம்னு இவுக சொன்னாக. நாந்தான், இன்னும் ஒருநா வெயில் பாக்கட்டும்னேன்...”

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவர் ஆறுதல் சொல்லவில்லை. “ஒருநா வெயில் பாக்கட்டும்னு நீதான் சொன்னியா?” என்று மட்டும் கேட்டார். அவள் ஆமாம் என்று சொல்லி ஓவென்று அழுதாள். நான் அந்த நேரம் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு, “சோலார் டிரையர் போட்டா மழையப் பத்திக் கவலையே இல்ல” என்றேன். இரண்டு பேரும் ஒருசேர என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிணம் கிடக்கிற வீட்டில் இன்சூரன்ஸ் பேச வந்தவளைப் பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்து, செருப்பை மாட்டி, ஒன்றும் சொல்லாமல் நடந்துவிட்டார். நான் பின்னாலேயே போய், “என்னக்கா, சொல்லாமக் கொள்ளாம வந்துட்டீக?” என்றேன்.

“கேதத்துக்கு வந்துட்டு, போயிட்டு வாரேன்னு சொல்லுவாகளா? மறுபடி வர்ற மாதிரி ஆயிருமே” என்றார். “நீ சொல்லிட்டா வந்த?”

நான் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். ‘மறுபடி வாரேன்’ என்று வேறு சொல்லியிருந்தேன்.

பஸ் வரும்வரை அவரோடு நின்றேன். அப்போதுதான் அவருடைய காளான் கொட்டகையைப் பற்றிச் சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். வேலை நேரம் போக, வீட்டுக்குப் பின்னால் காளான் வளர்த்திருக்கிறார். நன்றாக வந்திருக்கிறது. அம்மா படுக்கையில் விழுந்ததும் கவனிக்க முடியாமல் கொட்டகை கெட்டுவிட்டது. கொஞ்ச நாளில் அம்மாவும் போய்விட்டார்.

“அம்மாவுக்கு ஊரே வந்துச்சு. சாமியார் வந்தாரு, பள்ளிக்கூடமே வந்துச்சு. கொட்டகைக்கு ஒரு ஆளு வரல. அம்மாவுக்கு அழுத அழுகையில பாதி கொட்டகைக்குத்தான்னு யாருக்குத் தெரியும்?” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பஸ் வந்தது. எனக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு அவர் நின்றுகொண்டே வந்தார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

கேதக்காரி என்ற பட்டத்தை வைத்தது நான்தான். குழுவில் எனக்கு நெருக்கமான சிலரிடம், “எங்க எழவு விழுதுன்னு பாத்துக்கிட்டே இருக்கா இந்தக் கேதக்காரி. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான்” என்று பேசியிருந்தேன். பேர் பரவியது. ஆனால் பரவுகிற வழியில் ‘கேதக்காரக்கா’ என்று ஆகிவிட்டது. “எங்க வீட்டுக்குக் கேதக்காரக்கா வந்தாக” என்று ஆட்கள் பெருமையாக எழுத ஆரம்பித்தார்கள். நான் திட்டியதுகூட அவருக்கு மாலையாகப் போய் விழுந்தது. இதற்கு மேல் ஒரு மனுஷிக்கு என்ன வயிறெரிய வேண்டும்?

நான் பேசியதில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஓடுகிற கடையைப் பற்றி அவருக்கு அக்கறையே கிடையாது. லாபம் வருகிறது, இரண்டாவது கிளை திறக்கிறேன் என்று யாராவது சொன்னால், “சரித்தா” என்று வேறு பக்கம் திரும்பிவிடுவார். வீரபாண்டித் திருவிழாவில் நான் பெரிய பந்தல் போட்டு முறுக்கு விற்றபோது, கூட்டத்தில் அவர் என்னைக் கடந்துதான் போனார். ஒரு பொட்டலம் வாங்கவில்லை, நின்று ‘எப்படிப் போகுது?’ என்று கேட்கவில்லை. பக்கத்தில் ஆள் வராமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்த வளையல்காரியிடம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கும் சூடு போதாதென்று, அது வேறு சூடு.

இன்னொரு பக்கம், அவரைப் பார்த்தாலே பயப்படுகிறவர்களும் இருந்தார்கள். உத்தமபாளையத்தில் செல்போன் கவர் கடை வைத்திருந்த ஒருவன், அவர் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்துவிட்டு, “அக்கா, இங்கிட்டு வராதீக! எங்கடை ஓடுது! நல்லா ஓடுது!” என்று ரோட்டுக்கே வந்து கத்தியிருக்கிறான். அவர் பக்கத்து மருந்துக் கடைக்கு மாத்திரை வாங்கப் போயிருக்கிறார், பாவம். கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது என்று சொல்கிற ஊரில், அவர் காலடி படக் கூடாது என்று ஆகிவிட்டது. அவர் ஒரு வாசலை மிதித்தால் அங்கே தொழில் செத்துவிட்டது என்று அர்த்தம்.

நானும் சும்மா இருக்கவில்லை. ‘தோல்வியிலிருந்து கற்போம்’ என்று தலைப்புப் போட்டு, குழுவில் ஒரு குரல்வழிக் கூட்டம் நடத்தினேன். தோற்றவர்கள் தங்கள் கதையைச் சொல்லலாம், நான் அதிலிருந்து பாடம் எடுத்துச் சொல்வேன் என்பது ஏற்பாடு. நிறையப் பேர் வந்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது, ஒரு பிள்ளை பாடம் ஒப்பித்தது. கடைசியில் என் கதையை நானே சொல்லி, அதிலிருந்து பாடத்தையும் நானே எடுத்து முடித்தேன்.

இதுவரைக்கும் உள்ளதை எல்லாம் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் தங்கை விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

எனக்கு ஒரே தங்கை. உத்தமபாளையத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது. கேக் நன்றாகச் செய்வாள். “வீட்டுக்குள்ள செஞ்சா அது பொழுதுபோக்கு, கடைக்கு வந்தாத்தான் தொழில்” என்று சொல்லி, அவளைக் கடை வைக்கச் செய்ததும் நான்தான். போர்டுக்குப் பெயர்கூட நான்தான் வைத்தேன். இடையில் ஒருமுறை, “ஓட மாட்டேங்குதுக்கா, விட்டுறலாமான்னு இருக்கு” என்றாள். “ஜெயிக்கிறவ நிறுத்த மாட்டா, நிறுத்துறவ ஜெயிக்க மாட்டா” என்றேன். அதையே மறுநாள் காலைப் பதிவாகவும் போட்டேன். நல்ல வரவேற்பு.

கடை மூடிய சேதி எனக்கு மைதா போடுகிற லாரிக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. உடனே போனேன். தங்கை கதவைத் திறந்து, “வாக்கா, உக்காரு. தண்ணி குடிக்கிறியா?” என்றாள். வெளியாளைக் கேட்பது மாதிரி கேட்டாள். பழைய ஓவன் துணி போர்த்தி மூலையில் இருந்தது.

“ஏன்டி எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?”

“சொல்லணும்னுதான் இருந்தேன்.”

“கேதக்காரி வந்தாளா?”

“அக்கா வந்தாக” என்றாள். நான் ‘வந்தாளா’ என்று கேட்டதற்கு அவள் ‘வந்தாக’ என்றது, கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

“அவுக என்ன சொன்னாக?”

“ஒண்ணும் சொல்லல. மொதக் கேக்கு யாருக்குச் செஞ்ச, எப்படி இருந்துச்சுன்னு கேட்டாக. சொன்னேன். அழுக வந்துருச்சு. இருட்டுற வரைக்கும் இருந்துட்டுப் போனாக.”

“அத நான் கேட்டுருக்க மாட்டேனா?”

“நீ கேட்டுருக்க மாட்டக்கா. அடுத்து என்ன பண்ணப் போறன்னு கேப்ப.” ஓவன் மேல் நழுவிய துணியை இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னாள். “உங்கிட்டச் சொன்னா, மறுநா காலைல நாலு மணிக்கு நான் ஒரு பாடமா வந்துருப்பேன்.”

நான் எழுந்து வந்துவிட்டேன். அவளும் கூப்பிடவில்லை. அதற்கப்புறம் பேச்சு நின்றுபோனது. தீபாவளிக்கு நான் பலகாரம் கொடுத்தனுப்பினேன், அவள் டப்பாவைக் கழுவித் திருப்பி அனுப்பினாள். வெறும் டப்பா. எங்கள் வீட்டில் பிறந்தவள் வெறும் டப்பா திருப்பிக் கொடுக்க மாட்டாள், ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பாள். டப்பாவைத் திறந்து பார்த்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். என் தங்கை அழுத அழுகை எனக்கு வர வேண்டியது, அது ஊர்பேர் தெரியாத யாருக்கோ போய்விட்டது என்பதுதான் என் துக்கம். சிரிப்பீர்கள். எனக்கு அப்படித்தான் இருந்தது.

இதைவிடக் கேவலமான ஒன்றையும் சொல்கிறேன். கடை மூடியவர்களைப் பார்த்தும் எனக்குப் பொறாமை வந்தது. எண்ணெய் விலை ஏறிய மாதங்களில், இந்தத் தொழில் படுத்துவிட்டால் அவர் என் வீட்டுக்கும் வருவாரல்லவா, தரையில் உட்கார்ந்து ‘எப்படித்தா ஆரம்பிச்ச?’ என்று கேட்பாரல்லவா என்று ஒரு நினைப்பு ஓடும். உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டு அடுப்பைக் கும்பிடுவேன்.

அவர் வந்தே விட்டார். ஒருநாள் காலை நேரம், கடையில் நல்ல வியாபாரம். தலையைக் குனிந்து உள்ளே வந்து, அடுப்படிக்குப் பக்கத்தில் கிடந்த எண்ணெய் டின்னைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். நான் ஜல்லிக்கரண்டியோடு அவர் முன்னால் போய் நின்றேன்.

“என்னக்கா இங்கன? எங்கடை ஓடுதுக்கா. இந்தா பாருங்க, பார்சல் கெடக்கு.”

“தெரியும்த்தா. நான் ஒண்ணும் சொல்லலையே. சும்மா உக்காரக் கூடாதா?”

அடுப்படியில் எண்ணெய்ச் சட்டிக்கு நிற்கிற பேச்சியம்மா, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தாள். அவர் ஒரு முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டே கேட்டார்.

“மொத மொத யாரு சுத்துனது இந்த முறுக்க?”

நான் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் சொன்னேன். அப்பா இறந்த வருஷம் கல்யாண வீடுகளுக்கு முறுக்குப் போட்டுக் கொடுக்க ஆரம்பித்ததையும், எனக்கு வட்டம் கோணலாகவே வர, பள்ளிக்கூடம் விட்டு வந்து தங்கைதான் வெள்ளைத் துணியில் அழகழகாகச் சுற்றி வைப்பாள், நான் எடுத்து எண்ணெயில் போடுவேன் என்பதையும் சொன்னேன். மாவு கையோடு அவள் வீட்டுப்பாடம் எழுதி டீச்சரிடம் அடி வாங்கியதைச் சொன்னேன். கடையில் யார் வந்தார், யார் காத்திருந்தார் என்று எதுவும் எனக்குத் தெரியவில்லை. அவர் ஒரு இடத்தில்கூட குறுக்கே பேசவில்லை. நான் பேசி முடித்ததும், முறுக்குத் தூளைத் தட்டிவிட்டு எழுந்தார். செருப்பைப் போட்டார். நடந்துவிட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சொல்லாமல் போகிறார். கேத வீட்டிலிருந்து போகிற மாதிரி போகிறார். நான் கரண்டியோடு தெருவுக்கு ஓடிவந்து கத்தினேன்.

“யக்கா! போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போங்கக்கா! எங்கடை ஓடுதுக்கா!”

அவர் திரும்பவே இல்லை. தெருவே திரும்பிப் பார்த்தது. எதிர்த்த டீக்கடையில் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்தார்கள்.

மதியத்துக்குள் சேதி கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கப் போய்விட்டது. மாவு மில்காரர் போன் பண்ணி, “கேள்விப்பட்டேம்மா, மனச விட்றாத” என்றார். எண்ணெய்க் கடைக்காரரும் போன் போட்டார். ஓடைப்பட்டிப் பெண் அழுதுகொண்டே குரல் பதிவு அனுப்பினாள். குழுவில், ‘ஜெயிக்கிறவர் நிறுத்த மாட்டார், நிறுத்துகிறவர் ஜெயிக்க மாட்டார்’ என்ற என்னுடைய பதிவை, என்னுடைய போட்டோவோடு எடுத்து, எனக்கே ஒருவர் அனுப்பி வைத்தார். அதன் கீழே வரிசையாகக் கும்பிடு பொம்மைகள். கடை ஓடுகிறது என்று எழுதினால் நம்புகிறவர் இல்லை. “இந்தத் தன்னம்பிக்கைதான்க்கா உங்ககிட்டப் பிடிச்சது” என்றாள் இட்லி மாவு ஃபவுண்டர்.

செல்போனைத் தவிட்டு மூட்டை மேல் தூக்கி எறிந்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது, வாசலில் ஆட்டோ நின்றது. தங்கை இறங்கினாள். நைட்டி மேல் ஒரு துண்டைப் போட்டபடியே வந்திருந்தாள். தலைகூடச் சீவவில்லை. ஆட்டோக்காரர் கூப்பிடுவதைக் காதில் வாங்காமல் நேராக உள்ளே வந்து, தரையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடை ஓடுதுடி என்று வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். சொன்னால் கையை எடுத்துவிடுவாளோ என்று பயம்.

பேச்சியம்மாவுக்கு எந்த நேரத்தில் எதைக் கேட்பது என்று தெரியாது. உள்ளேயிருந்து சத்தமாகக் கேட்டாள்.

“யக்கா, எண்ண காஞ்சுருச்சு. அடுத்த ஈடு போடவா? பெங்களூருப் பார்சலுக்கு இன்னும் பாதி நிக்கிது.”

தங்கை தலையைத் தூக்கினாள். பார்சல் அட்டைப்பெட்டிகளைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“கடை ஓடுதா?”

“ஓடுது.”

“அப்ப அந்தக்கா ஏன் இங்கன வந்தாக?”

“தெரியல. உக்காந்து முறுக்குத் தின்னாக. உன்னயப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தேன். போயிட்டாக.”

அவளுக்குப் புரிந்ததா, கோபமா, சிரிப்பா என்று முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்ணைத் துண்டால் துடைத்தாள். எழப்போகிறவள் மாதிரி கையை ஊன்றினாள்.

இவள் வந்தது எனக்காகத்தான். வர வைத்தது அவர். தெரிந்தே செய்தாரா, தெரியாமல் வந்து உட்கார்ந்தாரா என்று கடைசிவரைக்கும் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றி சொல்ல வேண்டி வந்திருக்கும். என் தங்கையை எனக்கு இன்னொருத்தி கொடுத்தாள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எரிகிறது. ஆனால் அன்றைக்கு எரியவிட நேரமில்லை, தங்கை எழக் கையை ஊன்றிவிட்டாள்.

“பேச்சியம்மா, அடுப்ப அணைச்சிரு” என்றேன்.

“அப்ப பார்சலு?”

“பார்சல் நாளைக்குப் போகும். இன்னைக்குக் கடை இல்ல. நீ வீட்டுக்குப் போ.”

தங்கை என்னை நம்பாமல் பார்த்தாள். “ஏன்க்கா, ஓடுற கடைய?”

“நீ அழ வேண்டியதுல பாதிதான் ஆயிருக்கு. மிச்சத்தையும் அழுதுட்டுப் போ. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்.”

அவள் ஊன்றிய கையை எடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். நான் எழுந்து போய் ஷட்டரைப் பிடித்து இழுத்தேன். எதிர்த்த டீக்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, நெஞ்சில் கை வைத்து, தலையை ஆட்டி வருத்தப்பட்டார். நான் பதிலுக்குத் தலையை ஆட்டிவிட்டு, முழுசாக இழுத்து மூடினேன்.